புதுச்சேரியிலிருந்து கப்பலேறி ஆடப் போகும் ஜோடிகளுக்கு: பாஸ்போர்ட் முதல் காலணி வரை

சால்சா, சா-சா, வால்ஸ் என்று ஜோடி நடனம் கற்றவர்கள் பலருக்கும் ஒரு ஆசை இருக்கும். இரண்டு மூன்று நாள் கப்பலில் போக வேண்டும், ராத்திரி கடல் நடுவே வாத்தியக் குழு வாசிக்க ஆட வேண்டும். நல்ல ஆசைதான். ஆனால் டிக்கெட் வாங்கிய பிறகு பெயர் பொருந்தவில்லை என்று அலைகிறவர்களும், கப்பலில் ஏறிய பிறகு ஆட இடமே இல்லை என்று நிற்கிறவர்களும் உண்டு. இந்த அலைச்சல் ஏறக்குறைய முழுவதும் முன்கூட்டியே தவிர்க்கக்கூடியது. புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கான வரிசை இது. ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

1. எங்கே ஏறப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

புதுச்சேரியில் ஏற முடியாது. நம் கடற்கரையில் ஆழம் போதாது. பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்காது. 2025 ஜூலையில் சென்னையிலிருந்து வந்த கப்பலும் தள்ளி நங்கூரம் போட்டு, பயணிகளைப் படகில்தான் கரைக்கு அனுப்பியது. அது ஊர் பார்க்க இறங்குகிறவர்களுக்கான ஏற்பாடு, பயணம் தொடங்குகிற இடம் அல்ல. கடலூர்த் துறைமுகமும் இதற்கு உதவாது. ஆகவே உங்கள் துறைமுகம் சென்னை.

சென்னையிலிருந்து எல்லா மாதமும் கப்பல் கிடைக்காது. தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும் என்பதால், மும்பையில் ஓடும் கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் இந்தப் பக்கம் வந்து ஓடியிருக்கிறது. விசாகப்பட்டினம், புதுச்சேரி, இலங்கைத் துறைமுகங்கள் என்று பாதை ஆண்டுக்கு ஆண்டு மாறும். இந்த ஆண்டின் அட்டவணையைப் பார்த்த பிறகே விடுப்புக்கு எழுதிக் கொடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்காள விரிகுடாவில் புயல் காலம் என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஜூன் முதல் செப்டம்பருக்குள் விடுப்பு கிடைக்காதவர்கள் விமானம் ஏறி சிங்கப்பூரிலோ துபாயிலோ கப்பல் பிடிக்க வேண்டியிருக்கும். செலவும் காகிதமும் கூடும்.

2. கப்பலில் ஆட இடம் இருக்கிறதா?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஏஜென்டிடம் கேட்டால் "டான்ஸ் எல்லாம் உண்டு சார்" என்பார். அவர் சொல்வது டி.ஜே. போட்டு எல்லாரும் குதிக்கும் பாலிவுட் இரவாக இருக்கலாம். ஜோடி நடனத்துக்கு வேண்டியது வேறு: மரத்தளம், இசைக்குழு, கூட்டம் சேராத நேரம்.

நிறுவனத்தின் இணையதளத்தில் ஒவ்வொரு டெக்கின், அதாவது கப்பல் மாடியின், வரைபடமும் இருக்கும். லவுஞ்ச் என்று போட்டிருக்கும் இடங்களில் நடுவே வட்டமாகவோ சதுரமாகவோ தனி நிறத்தில் இருப்பது ஆடுதளம். பிறகு பயணிகள் எடுத்த வீடியோக்களில் அதே லவுஞ்சைத் தேடிப் பாருங்கள். கம்பளம் விரித்திருந்தால் அது உங்களுக்கு உதவாது. கம்பளத்தில் காலணி பிடித்துக்கொள்ளும், உடல் திரும்பும், முழங்கால் திரும்பாது. அப்படித்தான் முழங்கால் சுளுக்குகிறது.

அளவுக்கு ஒரு கணக்கு: பத்தடிக்குப் பத்தடித் தளத்தில் நான்கு ஜோடி நெருக்கமாக சால்சா ஆடலாம். அதே இடம் வால்ஸுக்கு ஒரு ஜோடிக்கே போதாது, ஏனென்றால் வால்ஸ் நகர்ந்து போகிற நடனம். சென்னையிலிருந்து இரண்டு மூன்று இரவு போகும் கப்பலுக்கு சால்சா, சா-சா, பச்சாட்டா கைவசம் இருந்தால் போதும். வால்ஸும் ஃபாக்ஸ்ட்ராட்டும் ஆடியே தீர வேண்டும் என்றால், பால்ரூம் மரபைக் காப்பாற்றி வரும் குனார்ட் போன்ற நிறுவனத்தின் கப்பலுக்குப் பணம் சேர்ப்பதே சரி. அங்கே ஆடுவதற்கென்றே பெரிய கூடம் உண்டு. துணையில்லாமல் வருகிறவர்களுடன் ஆட, நிறுவனமே நடனத் துணையாளர்களை வைத்திருக்கிறது.

3. பெயர்

நூற்றுக்கு எண்பது தொல்லை இதில்தான் என்று சொல்லலாம். நம் ஊர்ப் பெயர்முறையும் கப்பல் நிறுவனத்தின் படிவமும் ஒத்துப்போவதில்லை.

ஆதாரில் "மு. கார்த்திகேயன்" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் கார்த்திகேயன் இயற்பெயராகவும் முருகேசன் குடும்பப் பெயராகவும் இருக்கும். பான் கார்டில் முதலெழுத்து பின்னால் போயிருக்கும். மனைவிக்கு இன்னும் சிக்கல்: ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்.

விதி ஒன்றுதான். துறைமுகத்தில் எந்த ஆவணத்தைக் காட்டப் போகிறீர்களோ, அதில் இருக்கிறபடியே டிக்கெட்டில் பெயர் இருக்க வேண்டும். வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்று இருந்தாலும் அது பாஸ்போர்ட்தான். ஏஜென்டுக்குப் பெயரை வாயால் சொல்லாதீர்கள். பாஸ்போர்ட் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பி, "இதில் உள்ளபடி" என்று எழுதுங்கள். முன்பதிவு உறுதியாகி வந்ததும் எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். "th" போடும் இடத்தில் "t" மட்டும் இருந்தாலும் அன்றே திருத்தச் சொல்லுங்கள். பயணிகள் பட்டியல் குடிநுழைவுத் துறைக்குப் போன பிறகு திருத்துவது கடினம்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், அந்தக் கட்டத்தில் என்ன நிரப்ப வேண்டும் என்று நிறுவனத்திடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். துபாயில் ஏறப் போகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டுக்குச் சுற்றுலா விசா கிடையாது என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. கடைசிப் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள்.

4. பாஸ்போர்ட்டும் மற்ற காகிதங்களும்

உள்நாட்டுத் துறைமுகங்களுக்கு மட்டும் போகிற கப்பல் என்றால் படத்துடன் கூடிய அரசு அடையாள அட்டை போதும். ஆதார், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் இவற்றில் ஒன்றின் அசலைக் கொண்டுபோங்கள். பான் கார்டை நம்பிப் போகாதீர்கள்.

இலங்கை போகிறது என்றால் பாஸ்போர்ட் வேண்டும். பயணம் முடியும் நாளிலிருந்து இன்னும் ஆறு மாதம் அது செல்லுபடியாக வேண்டும். பெரியவர்களுக்கு 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தட்கலில் கூடுதலாக 2,000 ரூபாய். பாஸ்போர்ட் அலுவலகத்துக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழையும் எடுத்துப் போங்கள்.

புதிதாகக் கல்யாணம் ஆனவர்களுக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. பெண்ணின் ஆதார் கடலூரில் அம்மா வீட்டு முகவரியில் இருக்கும். குடியிருப்பது புதுச்சேரி லாஸ்பேட்டையில். இடையில் 25 கிலோமீட்டர்தான் என்றாலும் ஒன்று தமிழ்நாடு, மற்றொன்று யூனியன் பிரதேசம்; காவல்துறையும் வேறு வேறு. விண்ணப்பத்தில் எந்த முகவரியைத் தருகிறீர்களோ, அந்த ஊர்க் காவல் நிலையத்திலிருந்துதான் சரிபார்க்க வருவார்கள். அங்கே நீங்கள் குடியிருக்கவில்லை என்று குறித்துவிட்டால் கோப்பு நின்றுவிடும். முதலில் ஆதாரில் முகவரியை மாற்றுங்கள், பிறகு பாஸ்போர்ட்டுக்குப் போடுங்கள். இரண்டுக்கும் சேர்த்து மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

இலங்கைக்கு இணையவழிப் பயண அனுமதி பெற வேண்டும். விதியும் கட்டணமும் அடிக்கடி மாறுவதால், பயணத்துக்கு ஒரு மாதம் முன்பு இலங்கை அரசின் குடிவரவுத் தளத்தில் பாருங்கள். தேடினால் முதலில் வருவது பெரும்பாலும் கமிஷன் எடுக்கும் தனியார் தளம். பணம் கட்டும் முன் அரசுத் தளம்தானா என்று முகவரியைப் பாருங்கள்.

சிங்கப்பூரில் ஏறுகிறவர்களுக்கு: கப்பல் பினாங்கு, புக்கெட் போய்த் திரும்ப சிங்கப்பூர் வருவது இரண்டாவது நுழைவு. விசா பல முறை நுழையக்கூடியதா என்று பாருங்கள். வருகை அட்டையையும் இரண்டு தடவை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு வருகைக்கும் முந்தைய மூன்று நாளுக்குள் அதைச் செய்ய வேண்டும். இரண்டாவது அட்டையைக் கடலில் இருக்கும்போது நிரப்ப நேரும் என்பதால், இணையத்துக்கு ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பிணிகள்: பயணம் முடியும்போது 24 வாரத்தை எட்டிவிடும் என்றால் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. மருத்துவரின் கடிதம் கட்டாயம் கையில் இருக்க வேண்டும்.

5. பணம்

விளம்பரத்தில் இருக்கும் தொகை ஒரு ஆளுக்கு. அதுவும் ஒரு கேபினில் இருவர் தங்கினால். ஜோடிக்கு இரண்டால் பெருக்குங்கள். அதன்மேல் துறைமுகக் கட்டணம், ஜி.எஸ்.டி., சேவைக் கட்டணம் ஏறும். "எல்லாம் சேர்த்துக் கடைசித் தொகை எவ்வளவு" என்று கேட்டு எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். தனியாகப் போகிறவர் ஒரு கேபினை எடுத்தால் ஏறக்குறைய இரண்டு ஆள் கட்டணம் ஆகும்.

வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக வாங்கினால் டி.சி.எஸ். என்று விற்பவரே ஒரு வரியை முன்கூட்டிப் பிடிப்பார். அது செலவு அல்ல, உங்கள் வருமான வரிக் கணக்கில் நிற்கும் பணம். உங்கள் பான் எண்ணைச் சரியாகக் கொடுத்து, வரித் தாக்கலின்போது கழித்துக்கொள்ளுங்கள் அல்லது திரும்பப் பெறுங்கள். அப்பா பான் எண்ணில் பதிவு செய்துவிட்டு அப்புறம் தேடுவதில் பயனில்லை.

கப்பலுக்குள் காசு புழங்காது. ஒரு அட்டை தருவார்கள். கதவு திறப்பதும் அதுதான், காபிக்குக் கணக்கும் அதுதான். அந்தக் கணக்குக்குக் கிரெடிட் கார்டையே கொடுங்கள். டெபிட் கார்டு கொடுத்தால் செலவு செய்யாத பணமும் சில நாள் முடங்கிக் கிடக்கும். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் முன்பே திறந்து வையுங்கள். பெரிய அமெரிக்க நிறுவனக் கப்பல்களில் டிப்ஸ் மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 20 டாலர் தானாக ஏறும்.

செல்போன்: கரை மறைந்ததும் ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் போன் தானாகவே கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ரோமிங் திட்டம் பலவற்றுக்கு அது பொருந்தாது. பில் ஆயிரக்கணக்கில் வரும்.

பயணக் காப்பீடு எடுக்கும்போது கப்பல் பயணம் அதில் அடங்குகிறதா என்று கேளுங்கள். கப்பல் மருத்துவர் இலவசம் இல்லை. அவர் தரும் ரசீதைத் தொலைக்காதீர்கள்.

6. கேபின்

ஆடப் போகிறவர்களுக்கு ஜன்னல் இல்லாத உள் கேபினே போதும் என்பது எங்கள் கருத்து. நீங்கள் அங்கே தூங்க மட்டும்தான் போவீர்கள். மிச்சமாகும் பணத்தை வகுப்புக்கும் காலணிக்கும் செலவிடுங்கள். கடல் பார்க்காமல் தலைசுற்றும் உடம்புக்காரர்களுக்கு மட்டும் ஜன்னல் அவசியம்.

கப்பலின் நடுப்பகுதியில், கீழ் டெக்கில் கேளுங்கள். ஊஞ்சலில் நுனியில் உட்கார்ந்தவருக்குத்தான் வீச்சு அதிகம். கப்பலும் அப்படியே, முன்னும் பின்னும் மேலும்தான் அதிகம் ஆடும். நீச்சல் குளத்துக்கு நேர் கீழே எடுக்காதீர்கள். விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் தலைக்கு மேல் கேட்கும்.

7. பத்து வாரப் பயிற்சி

புதுச்சேரியில் சால்சா வகுப்புகள் உண்டு. ஆரோவில்லில் டாங்கோவும் சால்சாவும் நடப்பதுண்டு. ஒரு மாதப் பணம் கட்டும் முன் ஒரு வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். ஆசிரியர் ஜோடி மாற்றி மாற்றி ஆடவிடுகிறாரா? அப்படி விடுகிறவரிடமே சேருங்கள். கணவன் மனைவி இருவரும் எப்போதும் ஒன்றாகவே ஆடினால், ஒருவர் தப்பை இன்னொருவர் சமாளிக்கப் பழகிவிடுவார். தப்பு தெரியவே தெரியாது. தனியாக வந்து சேர்கிறவர்களுக்கும் இந்த முறைதான் நல்லது. ஆட்களைத் தெரிந்துகொள்வதற்கு இதைவிட இயல்பான இடம் குறைவு. எத்தனையோ ஜோடிகள் சந்தித்ததே இப்படி மாறி மாறிக் கை பிடிக்கும் வகுப்புகளில்தான்.

தாளம் தெரிந்தவர்களுக்குக் கணக்கு எளிது. வால்ஸ் என்பது தகிட, தகிட. நிமிடத்துக்கு 84 முதல் 90 அடி. சா-சா என்பது தகதிமி. நான்காவது அடியை இரண்டாக உடைத்து அடுத்த ஒன்றில் இறங்க வேண்டும். நிமிடத்துக்கு 120 முதல் 128 அடி. பாட்டைப் போடும் முன் ஒரு வாரம், தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலியில் சா-சாவை மெதுவாக, 100-இல் வைத்துப் பழகுங்கள்.

வீட்டில் டைல்ஸ் தரையில் சாக்ஸுடன் பழகாதீர்கள், வழுக்கும். மொட்டை மாடி சிமெண்டுத் தரை அதற்கு நேர் எதிர், காலைப் பிடித்துக்கொள்ளும். பழைய கேன்வாஸ் ஷூவின் அடியில், பாதத்தின் முன்பகுதி ஊன்றும் இடத்தில் மட்டும் பார்சல் ஒட்டும் பழுப்பு டேப்பை இரண்டு வரிசை ஒட்டுங்கள். குதிகால் பக்கம் ஒட்ட வேண்டாம். திரும்பும்போது முன்பாதம் வழுக்கிக் கொடுக்கும், நிற்கும்போது குதிகால் பிடித்துக்கொள்ளும். இரண்டு நாளில் டேப் தேய்ந்துவிடும், மாற்றிக்கொள்ளுங்கள்.

மூச்சுக்கு, மாலை ஆறு மணிக்கு மேல் வண்டி விடாத கடற்கரைச் சாலை இருக்கவே இருக்கிறது. காந்தி சிலையைக் கடந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வேகநடையாக இரண்டு தடவை போய் வந்தால், ஒரு மணி நேரம் ஆடத் தெம்பு வரும்.

8. அசையும் தரையில் ஆடுவது

வகுப்பில் ஆடியதை அப்படியே கப்பலில் ஆடினால் விழுவீர்கள். அடி வைக்கும் நீளத்தைப் பாதியாக்குங்கள். முழங்காலை இறுக்காமல் தளர்வாக வையுங்கள். இரட்டைச் சுழற்சி வேண்டாம், ஒன்று போதும். துணையைச் சாய்ப்பது, தூக்குவது இரண்டையும் கரையிலேயே விட்டுவிடுங்கள். கப்பல் திடீரென்று சாய்ந்தால் கையை விடாதீர்கள். நெருங்கி நின்று, அதே இடத்தில் எடையை இடமும் வலமும் மாற்றிக்கொண்டே தாளத்தைப் பிடித்திருங்கள். சாய்வு தணிந்ததும் தொடரலாம்.

குமட்டல் உள்ளவர்கள் முதல் ராத்திரி சுழலவே வேண்டாம். காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும் கண்ணும் ஏற்கெனவே முரண்பட்டிருக்கும், சுழன்றால் கூடும். குமட்டல் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டுப் பலனில்லை. அதில் பலவும் தூக்கம் தரும். மதுவோடு சேரவே கூடாது.

காலணிக்கு அடி ஸ்வேட் எனப்படும் மெல்லிய மென்தோலாக இருக்கட்டும். பெண்களுக்கு இரண்டு அங்குலக் குதி போதும், அகலமான குதி. உப்புக் காற்றில் மென்தோல் நமுத்துத் தட்டையாகி வழுக்கும். சின்னக் கம்பித் தூரிகை ஒன்று கொண்டுபோய், ஆடும் முன் ஒரே திசையில் பத்துத் தடவை தேயுங்கள். மயிர் எழும்பிப் பிடிப்பு திரும்பும். குளத்தோர டெக்கில் இந்தக் காலணியுடன் கால் வைக்காதீர்கள். ஈரம் பட்டால் அத்தோடு போயிற்று.

உடை: பட்டுப் புடவையில் சா-சா ஆடலாம், வால்ஸ் கடினம். பின்னால் வைக்கும் அடியில் கொசுவம் குதியில் மாட்டும். புடவையைக் கணுக்காலுக்கு ஒரு அங்குலம் மேலே கட்டி, முந்தானையை இடுப்பில் சொருகிப் பின் குத்துங்கள். அனார்கலி இன்னும் சுலபம். வேட்டிக்கு ஒட்டிக்கோ கட்டிக்கோ வகைதான் பாதுகாப்பு.

தளத்தில் நகர்கிறவர்கள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ஓரமாகப் போக வேண்டும். நின்ற இடத்தில் ஆடுகிறவர்கள் நடுவில். ஒருவரைக் கூப்பிட்டு அவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்கக் கூடாது. ஆடி முடித்ததும் அவரை அவர் நாற்காலி வரை கொண்டுவிட வேண்டும். இரவுச் சாப்பாட்டு நேரத்தில் தளம் பெரும்பாலும் காலியாக இருக்கும். அப்போது ஆடிவிட்டு இரண்டாவது பந்தியில் சாப்பிடுங்கள்.

9. கிளம்பும் நாள்

முந்தின நாளே சென்னை போய் எழும்பூரிலோ பாரிமுனையிலோ தங்குவது நல்லது. புதுச்சேரியிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் என்றாலும் ஈ.சி.ஆரில் சனி, ஞாயிறு நெரிசலை நம்ப முடியாது, கப்பலும் காத்திருக்காது. திண்டிவனம் வழியாக வரும் பஸ் கிளாம்பாக்கத்தில் நின்றுவிடும். அங்கிருந்து துறைமுகம் இன்னும் 35 கிலோமீட்டர் போல இருக்கும். பெட்டி சின்னது என்றால் ஊரப்பாக்கத்திலோ வண்டலூரிலோ கடற்கரை மின்சார ரயில் பிடிக்கலாம். சென்னை கடற்கரை நிலையத்துக்கு எதிரேதான் துறைமுகம். எந்த வாயில் என்பது போர்டிங் பாஸில் இருக்கும். வேறு வாயிலுக்குப் போனால் காவலுக்கு நிற்பவர்கள் விடமாட்டார்கள்.

பெரிய பெட்டியை வாங்கிக்கொண்டு மாலையில்தான் கேபினுக்கு அனுப்புவார்கள். ஆகவே பாஸ்போர்ட், மாத்திரை, நடனக் காலணி, முதல் ராத்திரி உடை நான்கும் கைப்பையில் இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில், கத்தி, மது கொண்டுபோகாதீர்கள். சாமி கும்பிடுகிறவர்கள் கற்பூரம், ஊதுபத்தி, தீப்பெட்டியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தீ மூட்டும் எதையும் விடமாட்டார்கள். ஏறியதும் உயிர்காப்புப் பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். அது கட்டாயம், அதை முடித்த பிறகு தளத்தைப் போய்ப் பாருங்கள்.

கடைசி ராத்திரி பெட்டிகளைக் கேபினுக்கு வெளியே வைக்கச் சொல்வார்கள். ஆடிவிட்டு வந்து அசதியில் எல்லாவற்றையும் அடைத்து வைத்துவிட்டு, காலையில் போட உடையும் செருப்பும் இல்லாமல் நிற்காதீர்கள். நடனக் காலணியை அந்தப் பெட்டியில் போட வேண்டாம். வியர்வையும் உப்பும் ஊறியிருக்கும். துணிப்பையில் தனியாகக் கையில் எடுத்துக்கொண்டு, வீடு வந்ததும் நிழலில் காயவைத்துத் தூரிகை போடுங்கள்.